உப்புப் பாக்காமல் வித்த வெள்ளை வைன்

வைன் விக்கிற வேலையில முதல் கால் நோகும், பிறகு சிரிச்சுச் சிரிச்சுக் கன்னம் நோகும். கடையில நிண்டு சனத்தோட மாரடிக்கிற உங்களுக்கு நான் சொல்லவே வேணும்? டிரெஸ்டனுக்குக் கிட்ட, எல்பே ஆத்தங்கரையில, ஒரு சின்ன வைன் தோட்டத்தில எனக்கு இது ஒன்பதாவது வருசம். முதலாளி ஹைக்கே. அவவும் நானும்தான் முழுநேர ஆக்கள்.

மூக்கால வித்தது

நான் குடிக்கிறேல்லை. மணந்து பாத்துத்தான் சொல்லுவன். ஒருநாள் ஹம் நகரத்தில இருந்து ஒரு தமிழ் அண்ணை, இஞ்ச படிக்கிற மகளைப் பாக்க வந்தவர், எங்கட கடைக்கும் வந்தார். இந்தப் பக்கத்தை விட்டால் வேற எங்கையும் பெரிசாக் கிடைக்காத கோல்ட்றீஸ்லிங் எண்ட வெள்ளை வைனை ஊத்திக் குடுத்து, "பச்சை மாங்காய் வெட்டின மணமும் துளி சாதிக்காயும் இருக்கும் அண்ணை" எண்டன். குடிச்சுப் பாத்தனீரோ எண்டு கேட்டார். இல்லை, மணம் மட்டும்தான் எண்டன். மனுசன் கிளாசை மேசையில வைச்சுப்போட்டு என்னைப் பாத்தார்.

"கறிக்கு உப்புப் பாக்காமல் பரிமாறுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன் பிள்ளை!"

படியேறின பெரிய மனுசன்

வெயில் கூடின தெற்குப் பக்கத்தில இருந்து ஒருத்தர் முதலே நேரம் குறிச்சு, டேர்மின் போட்டு வந்தார். இந்தக் குளிருக்குள்ள என்னத்தைப் பழுக்கிறது, புளிதான் மிஞ்சும் எண்டு ஒரு பாட்டம் பேசினார். எனக்கு வந்த விசர்! வாங்கோ காட்டுறன் எண்டு சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனன். சாந்து இல்லாமல் கல்லை அடுக்கின மதில், அதுக்கு மேல ஒரு துண்டு மண், திரும்பவும் மதில். மெசின் ஏறாது. பழக்கூடையை முதுகில கட்டித்தான் இறக்கவேணும். பகல் முழுக்க வெயில் குடிச்ச கல்லு, பின்னேரத்தில கொடிக்குச் சூடு குடுத்துக்கொண்டிருக்கும். கையை வைச்சுப் பாருங்கோ எண்டன். இத்தனை வருசமாகியும் எனக்கு அது அதிசயம்தான். இளைச்சுக்கொண்டு நிண்டவர் கையை எடுக்கவே இல்லை.

"இதை இனி நான் மெதுவாத்தான் குடிக்கவேணும்."

கறுத்த காலமை

அதுக்கு அடுத்த வருசம், ஏப்ரல் கடைசி. துளிர் விரலளவு வந்திட்டுது. ஒரு காலமை வேலைக்கு வாறன், சரிவு முழுக்கக் கறுப்பு. உறைபனி. தொட்டால் தேயிலைச் சக்கை மாதிரிக் கையோட வருது. ஹைக்கே படியில இருந்தா. அவ அழேல்லை, அதுதான் எனக்குப் பயம். நிண்ட இடத்திலயே, ஹம்மில கோயில் கொண்டிருக்கிற ஊன்ட்றொப் அம்மனுக்கு நேர்த்தி வைச்சன்: கொடி பிழைச்சால் முதல் குலை உனக்கு, தாயே. ஹைக்கே மெல்ல எழும்பினா.

"பழம் ஒண்டும் வராட்டி, வசந்தி, நான் தோட்டத்தை விட்டிடுவன்."

ஒளிச்சிருந்த மொட்டு

மூண்டு கிழமையால ஹைக்கே கூப்பிட்டுக் காட்டினா. கருகின துளிருக்குப் பக்கத்தில அரிசியளவு பச்சை. முதல் மொட்டுக்கு ஏதும் நடந்தாலும் எண்டு, கொடி இன்னொண்டை ஒளிச்சு வைச்சிருக்குமாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது. ஐயோ, இதுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது!

செப்டெம்பரில பழுத்தது கொஞ்சம்தான். அதில ஒரு குலையை எந்த முகத்தோட கேக்கிறது? தயங்கித் தயங்கி நேர்த்தியைச் சொன்னன். ஹைக்கே ஒரு கோயிலுக்கும் போகாத ஆள். சிரிக்கப்போறா எண்டு பாத்தால், கத்தரிக்கோலை எடுத்து, தேடித் தேடி, இருக்கிறதில வடிவான குலையை வெட்டித் தந்தா.

"உன்ர அம்மனிட்டச் சொல்லு, வாற ஏப்ரலிலையும் ஒருக்கா இஞ்சால பாக்கச் சொல்லி."

பிறகு வந்த போத்தல்

குலையை ரெயிலில மடியில வைச்சுக்கொண்டு போய்க் குடுத்திட்டு வந்தன். ஹைக்கே தோட்டத்தை விடேல்லை. அடுத்த வசந்தத்தில அந்த வைன் போத்தலில வந்தது. நான் திறந்த முதல் போத்தலுக்கு முன்னால நிண்டது ஹம் அண்ணைதான்! ஊத்தி மணந்தன். மாங்காய், சாதிக்காய், அதோட மழையில நனைஞ்ச கல்லு. எத்தினையோ கிளாஸ் மணந்திருக்கிறன், இப்பிடி ஒண்டை மணக்கேல்லை. கண் நிறைஞ்சு போச்சு. கிளாசை அவரிட்ட நீட்டினன். அவர் ஒரு வாய் குடிச்சிட்டுக் கிளாசைத் திரும்ப நீட்டினார்.

"இதுக்கு உப்புப் பாக்கத் தேவையில்லைப் பிள்ளை, நீர் பரிமாறும்."

ஒரு சொட்டும் வாயில வைக்காத எனக்கு வெறி ஏறினது, இந்த ஒன்பது வருசத்தில அந்த ஒருநாள்தான்.