கூடை எடுத்துக்கொண்டு உள்ளே வரவும்

பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடம் கேரள எல்லையோர மீனாட்சிபுரத்து வீட்டில் மாடுகளுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. ஒரு நாள், கூட்டுறவுக் கடைகளை நடத்தும் அலுவலகத்திலிருந்து, நான் கடை மேலாளர் பயிற்சிக்குத் தேர்வாகியிருப்பதாக மலையாளத்தில் தட்டச்சு செய்த கடிதம் வந்தது. அப்பாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. இரண்டு முறை என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

"கடையில நிக்கறதுக்கா அம்மிணி உன்னைய காலேசுக்கு அனுப்புனேன்?"

"நிக்கற வேலை இல்லீங்கப்பா. மேனேசரு. உக்காந்துட்டே பாக்கற வேலை."

"உக்காந்துட்டேன்னா சரி" என்றார்.

அப்பாவிடம் சொன்னது பொய்யாகிவிட்டது. அடுத்த மூன்று மாதம் நான் உட்கார்ந்த நேரம் மிகவும் குறைவு.

முதலில் பாலக்காட்டில் இரண்டு வாரம் வகுப்பு. பதினைந்து பேரில் பெண்கள் இரண்டே பேர். பாடம் எடுத்தவர் பம்பாயில் ஒரு பெரிய கடையைப் பார்த்துவிட்டு வந்தவர். அங்கே வாங்குபவர்களே உள்ளே நடந்து, வேண்டியதைத் தாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்கிறார்கள் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். எங்களில் யாரும் அதை நம்பவில்லை. கடைசி நாளன்று, எந்தக் கடைக்குப் போனாலும் அங்கே ஒரு மாற்றமாவது செய்து காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் பயிற்சி முடிந்ததென்று எழுதித் தருவார்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எனக்குச் சித்திரபுரம் விழுந்தது. பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி மூணாறு போய், அங்கிருந்து கீழே இறங்கினால் சித்திரபுரம். போய்ச் சேர்ந்த அன்று பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. மின்வாரியக் குடியிருப்பில் ஒரு பள்ளி ஆசிரியை தன் வீட்டில் எனக்கு ஓர் அறை கொடுத்தார். அங்கிருந்து கடைக்குப் பத்து நிமிட நடை.

கடையில் இரண்டே பேர். ஒருவர் மேலாளர். அவரிடம்தான் நான் மூன்று மாதம் பயில வேண்டும். இன்னொருவர் எடை போடுபவர். நாற்பது வயதிருக்கும். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்தது இங்கே தேயிலை எஸ்டேட்டில். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கழுத்தில் சாம்பல் நிற மஃப்ளர் இல்லாமல் அவரை நான் பார்த்ததேயில்லை.

மேலாளர் எனக்கு நடத்திய பாடம் எட்டே நாள். ஒன்பதாம் நாள் கண்கள் மஞ்சளாகி வந்தார். மஞ்சள்காமாலை. மருந்து சாப்பிட சொந்த ஊருக்குக் கிளம்பியவர், சாவியை என் கையில் கொடுத்து, "எல்லாம் அண்ணாச்சிக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அண்ணாச்சிக்கு உண்மையிலேயே எல்லாம் தெரிந்திருந்தது. எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. அன்றே ஓர் அம்மா வந்து வாரியல் இருக்கிறதா என்று கேட்டார். நான் பொறுப்பாகப் பொருள் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழ் வரை பார்த்தேன்.

"வாரியல் வரலீங்க."

"உங்க பின்னாலேயே தொங்குதே."

திரும்பினால் துடைப்பம். எங்கள் ஊரில் அது சீமாறு, பட்டியலில் மலையாளத்தில் சூல், இவர்களுக்கு வாரியல். அண்ணாச்சி சிரிக்காமல் அதை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா போன பிறகுதான் மஃப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டு அரிசி மூட்டைப் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்குள் தயக்கமில்லை.

கடையின் குறுக்கே சுவரிலிருந்து சுவர் வரை ஒரு பலாமர மேசை. மேசைக்கு இந்தப் பக்கம் நாங்களும் பொருள்களும், அந்தப் பக்கம் ஜனங்கள். எஸ்டேட்டுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் அன்று கொழுந்து பறிக்கும் பெண்கள் அறுபது எழுபது பேர் திரண்டு வருவார்கள். மேசையில் நெஞ்சு அழுந்த நின்றுகொண்டு மோவாயால் காட்டுவார்கள். "அந்தா அது." "எது?" "அதுக்குப் பக்கத்துல உள்ளது." அண்ணாச்சி கொக்கி வைத்த கம்பால் ஒன்றை இறக்கிக் கொடுப்பார். பெரும்பாலும் அவருக்குத் தோன்றியதைத்தான் கொடுப்பார்.

ஒரு ஞாயிறு, ஒரு பெண் சிவப்புச் சீப்பு கேட்டாள். அண்ணாச்சி கையில் அகப்பட்டது பச்சை.

"சீப்புல நெறம் என்னத்துக்கு? தலையைத்தானே சீவப் போற."

அவள் பச்சையை வாங்கிக்கொண்டு போனாள். சிவப்புச் சீப்பு இரண்டடி தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கை நீட்டினால் எட்டியிருக்கும், மேசை மட்டும் இல்லாவிட்டால். அன்று மாலையே அண்ணாச்சியிடம் மேசையை எடுத்துவிடலாம் என்றேன்.

"எடுத்துட்டு?"

"அவங்களே உள்ள வந்து எடுத்துக்கட்டுமுங்க."

அவர் என்னையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். "மேசை இருந்தாத்தான் கடை. இல்லைன்னா அது சந்தை. நான் சொல்லுதத சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாரே தவிர, தச்சர் மூன்று முறை வரச்சொல்லியும் வராதபோது ஆணிகளைக் கழற்றியது அவர்தான். முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். எதிர்க் கடையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு மேசையைத் திருப்பி, வாசலுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிப் போட்டோம். தராசு அதன் மேல் ஏறியது. அரிசி, பருப்பு, புளி மட்டும் அண்ணாச்சி நிறுத்துக் கொடுப்பார், மற்றதெல்லாம் அவரவர் கையால் எடுப்பது என்று ஏற்பாடு. மூணாறு சந்தையிலிருந்து பத்துப் பிரம்புக் கூடைகள் வாங்கி வந்தேன். 'கூடை எடுத்துக்கொண்டு உள்ளே வரவும்' என்று தமிழிலும் மலையாளத்திலும் அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு இனத்தையும் தனித்தனி வரிசையாக அடுக்கினேன். சனிக்கிழமை மாலை பார்க்க அத்தனை அழகாக இருந்தது.

ஞாயிறு காலை பெண்கள் வந்தார்கள். வாசலில் நின்றார்கள். மேசை இருந்த இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து முன்னால் நின்றவர் கேட்டார்:

"கடையை மூடப் போறீகளா?"

அவர் கொழுந்து எடுப்பவர்களில் மூத்தவர். ஒரு மலைச்சரிவில் நின்று பேசினால் அடுத்த சரிவில் கேட்கும் குரல்.

"மூடலீங்க. உள்ள வாங்க. வேணுங்கறத நீங்களே எடுத்துக்கலாம்" என்று அவர் கையில் கூடையைக் கொடுத்தேன்.

"நாங்களேவா?"

"ஆமாங்க."

"பெறகு ஒண்ணு காணலைன்னா யாரைச் சொல்லுவீக?"

வகுப்பில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. "யாரையும் சொல்ல மாட்டேனுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்கள் உள்ளே வந்தார்கள். ஆனால் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுவில் கூட்டமாக நின்றார்கள். ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. அலமாரிக்கு அருகில் தள்ளப்பட்ட ஒரு பெண் சேலை பட்டுவிடாமல் சுருட்டிக்கொண்டாள். அரை மணி நேரம் அப்படியே போனது. பேசாமல் மேசையை மறுபடி நடுவில் இழுத்துப் போடச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன்.

அப்போது அண்ணாச்சி தராசை விட்டு எழுந்தார். ஒரு கூடையை எடுத்து முழங்கையில் மாட்டிக்கொண்டார். மஃப்ளரைத் தலையில் முக்காடு போல் போட்டுக்கொண்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சோப்பு வரிசைக்குப் போய் ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"இது ஆகாது" என்று வைத்தார். இன்னொன்றை முகர்ந்தார். "இது ஆசுபத்திரி." மூன்றாவதைக் கண்ணை மூடி முகர்ந்தார். "தாழம்பூ. பன்னெண்டு வருசமா எடுத்துக் குடுக்கேன், இதுல வாசனை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது." அதைக் கூடையில் போட்டுக்கொண்டு, இடுப்பை ஒடித்து ஒடித்து கண்ணாடி வரிசைப் பக்கம் நடந்தார்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பெரிய குரல்காரர் நேராகப் போய் அவர் கூடைக்குள் கையை விட்டார்.

"அண்ணாச்சி, அந்தச் சோப்ப வையும். அது எனக்கு."

"அங்க இன்னும் இருக்கு, எடுத்துக்கோ."

அவர் போய் எடுத்தார். முகர்ந்தார். தன் கூடையில் போட்டார். திரும்பி மற்றவர்களிடம், "ஏட்டி, கொழுந்து கிள்ளுத மாதிரிதான். கிள்ளிப் போடுங்க" என்றார்.

அதன்பின் நடந்ததைப் பாலக்காட்டு ஆசிரியர் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் எடுத்தார்கள். எடுத்ததைப் பக்கத்தில் இருப்பவளிடம் காட்டினார்கள், திரும்ப வைத்தார்கள், வேறு இடத்தில் வைத்தார்கள். பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்து நாலு பேர் தும்மினார்கள். கம்பளிகள் எல்லாம் பிரிந்து கிடந்தன. நான் மத்தியானம் வரை மடித்துக்கொண்டேயிருந்தேன். இத்தனை வருடமாக எட்டிப் பார்த்த பொருள்களைக் கையில் வைத்துப் பார்ப்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். போகும்போது ஒவ்வொருவராகக் கூடையை மேசையில் வைத்து, எடுத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் வெளியே எடுத்துக் காட்டிவிட்டுப் போனார்கள்.

கடை காலியான பிறகு அண்ணாச்சியிடம், பிடிக்காத காரியத்துக்கு ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்க மொகத்தைப் பாக்கச் சகிக்கல. அழுதுருவீக போல இருந்துச்சு" என்றார். பிறகு, "அந்தத் தாழம்பூ சோப்பு ஒண்ணு எனக்கு எடுத்து வைங்க" என்றார்.

அடுத்து வந்த வாரங்களில் எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்தான். என்னை ட்ரெயினிங் அக்கா என்று கூப்பிட்டார்கள், என்னைவிட இருபது வயது மூத்தவர்களும். பெரிய குரல்காரர் என் அழகான வரிசைகளைப் பார்த்துவிட்டு, "மழைக் காலத்துல நொழைஞ்சதும் கம்பளியும் கொடையும் கண்ணுல படணும். நீங்க பவுடர வச்சிருக்கீக" என்றார். மாற்றினேன். மேல் தட்டு எங்களுக்கு எட்டவில்லை என்றார்கள். மூன்று தட்டுகளைக் கீழே இறக்கினோம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவளுக்குக் கூடை பிடிக்கக் கையில்லை என்றார்கள். மேசை ஓரத்தில் ஒரு பாயை விரித்து, அண்ணாச்சி நிறுத்துக்கொண்டே பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். முணுமுணுத்துக்கொண்டுதான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. நான் கடையின் கோடியில் ஒரு கம்பளிக் குவியலுக்குள் குனிந்திருந்தேன். வாசலில் ஒருவர் கைப்பையோடு மேசையருகே நின்று யாராவது கவனிப்பார்கள் என்று காத்திருந்தாராம். பெரிய குரல்காரர் அவரைப் பார்த்திருக்கிறார்.

"சாரே, அங்க நின்னா ஒண்ணும் கிடைக்காது. கூடைய எடுத்துட்டு உள்ள வாங்க" என்று சொன்னதோடு நிற்காமல், கைப்பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் கூடையை அவர் கையில் மாட்டியும் விட்டார்.

வந்தவர் என் பயிற்சியைச் சோதிக்க மாவட்ட அலுவலகத்திலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரி. அண்ணாச்சிக்கு அவரைத் தெரியும். ஆனால் தெரியாதவர் போல் புளி நிறுத்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அதிகாரி என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கூடையில் ஒரு துண்டு, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, இரண்டு சோப்பு, ஒரு வாரியல்.

"ஞான் இதொன்னும் வாங்ஙான் வந்நதல்ல" என்றார். இதெல்லாம் வாங்கவா வந்தேன் என்று தன்னையே கேட்டுக்கொள்வது போலிருந்தது. ஆனால் எதையும் திரும்ப வைக்கவில்லை.

ஒரு மணி நேரம் கடையைச் சுற்றிப் பார்த்தார். பெண்களிடம் கேட்டார். அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். கடைசியில் படிவத்தை எடுத்தவர் முகம் மாறியது. பயிற்சி தந்த மேலாளரின் கையெழுத்து என்று அதில் ஒரு கட்டம் இருந்தது.

"மேலாளர் எத்தனை நாள் கூட இருந்தார்?"

"எட்டு நாளுங்க சார்."

"அப்படியென்றால் விதிப்படி பயிற்சியே நடக்கவில்லை. வேறு கடையில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்." மலையாளத்தில் மெதுவாகத்தான் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

நான் அண்ணாச்சியைக் காட்டிச் சொன்னேன்: "பயிற்சி நடந்ததுங்க சார். மேலாளர் போன நாளிலிருந்து கடையை நடத்தினது இவர். நான் இவர்கிட்டத்தான் படிச்சேன்."

அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது. அதிகாரி தராசருகே போனார். எத்தனை வருடமாக இங்கே வேலை என்று கேட்டார். பன்னிரண்டு என்றார் அண்ணாச்சி. அதிகாரி பேனாவை எடுத்து, மேலாளர் விடுப்பில் சென்ற நாள் முதல் எடையாளரே பொறுப்பு மேலாளராக இருந்துவருகிறார் என்று ஒரு வரி எழுதினார். படிவத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"ஒப்பிடு" என்றார். கையெழுத்துப் போடு என்று அர்த்தம்.

அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. "சார், ஒரு அரை மணி நேரம் குடுங்க. மூட்டைச் சீட்டுல கிறுக்குத கையெழுத்து இதுக்கு ஆகாது."

அதிகாரி சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார். அண்ணாச்சி பொட்டலம் கட்டும் பழுப்புத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் பெயர் முழுவதும். பிறகு முன்னெழுத்தோடு. பிறகு அடியில் ஒரு கோடு இழுத்து. பிறகு கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்து. பெண்கள் சுற்றி நின்று, இது நல்லாயிருக்கு, அது நல்லாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோடும் இரண்டு புள்ளியும் என்று பெரிய குரல்காரர் முடிவு செய்தார். அதிகாரி திரும்பி வந்ததும் அண்ணாச்சி மஃப்ளரைக் கழற்றாமலே நிமிர்ந்து உட்கார்ந்து, கட்டத்துக்குள் அடங்காமல், பெரிதாக ஒரு கையெழுத்துப் போட்டார்.

எழுதிப் பார்த்த தாள்களை வீணாக்க அவருக்கு மனமில்லை. அன்று மாலை பருப்பும் புளியும் அவற்றில்தான் பொட்டலமாயின. எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கெல்லாம் அண்ணாச்சியின் கையெழுத்து போயிற்று.

அந்த மேலாளர் உடம்பு தேறிய பிறகு சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே மாற்றல் வாங்கிக்கொண்டார். சித்திரபுரம் கடையை அண்ணாச்சியே தொடர்ந்து பார்த்தார். அடுத்த வருடம் அவரே மேலாளர் என்று உத்தரவு வந்தது. எனக்குக் காந்தலூரில் புதிதாகத் திறக்கும் கடையைக் கொடுத்தார்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிப்பவர்கள் ஊர். நான் போய் இறங்கியபோது அங்கே கடைக்குச் சுவர் மட்டும்தான் எழும்பியிருந்தது, கூரை இன்னும் போடவில்லை. தட்டுகளை எந்த உயரத்தில் அடிக்கலாம் என்று கேட்க, முதலில் ஊர்ப் பெண்களைத்தான் தேடிப் போனேன்.