எல்லைக்கல்லும் என் செருப்பும்

மலைப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் எனக்கு அரை மணி நேரம் தருவார்கள். பாடம் நடத்துவதைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். நான் என் செருப்பைப் பற்றிச் சொல்வேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒன்பது வருடம் செக்கிங்கில் இருந்தவள் நான். தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, யாரைக் கண்டாலும் முகத்துக்கு முன்னால் கால்தான் கண்ணில் படும். "மாடு மேய்க்கிறவன் கண்ணு வாலு மேலயே" என்று எங்கள் லைனில் கேலி செய்வார்கள். தபாலில் படித்து ஆசிரியையாகி, ஜவ்வாது மலைக்கு அந்தக் கண்ணோடுதான் போனேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை காலிலும் ஷூ இல்லை. முன்வரிசைச் சிறுமியை எழுப்பி, "கவர்மென்ட்ல குடுத்த ஷூவ இன்னா பண்ண? வித்துட்டீங்களா?" என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"வகுப்புலயே நல்லா படிக்கிற புள்ளம்மா அது. இங்க நின்னா நின்னதுதான்" என்றார் தலைமையாசிரியர்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நிற்கவில்லை.

"வாங்க டீச்சரம்மா. செருப்போடயே வந்துட்டீங்க."

வாசலில் கழற்றப் போனேன்.

"இங்க இல்ல. ஊர் எல்லையில ஒரு கல்லு நட்டிருக்குது பாருங்க, அதாண்ட உடணும். இந்தப் பக்கம் பூரா சாமி மண்ணு. பள்ளிக்கூடமும் சேத்துத்தான்."

உள்ளே கூரைக் கழியில் அந்த ஷூ நாடாவோடு தொங்கியது. ஒரு தூசு இல்லை.

"சந்தைக்கு எறங்கறப்ப போட்டுக்கும். அத வித்துட்டோம்னு சொன்னீங்களாமே."

"தப்புதாம்மா. தெரியாம கேட்டுட்டேன்."

"கேட்டு வெச்ச அடி சறுக்காதும்பாங்க. நீங்க வெச்சிட்டு கேக்கறீங்க."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கல் வரைக்கும் நடந்தேன். அங்கே ஏழெட்டு ஜோடி வரிசையாகக் கிடந்தன. தினம் பார்த்ததுதான். எதற்கென்று யாரையும் கேட்டதில்லை.

மறுநாள் வெறுங்காலோடு பள்ளிக்குப் போனேன். சரளை குத்திய குத்தில் நொண்டிக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைந்தேன். சிறுமி அம்மாவோடு கதவோரம் நின்றிருந்தாள். எல்லோர் முன்னாலும் கேட்டதால், தப்பு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சருக்கு நடக்கவே தெரியலம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.