முகம் மட்டும் அவருடையது

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பெண்ணை எல்லோரும் 'பிரேக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் பதறினால் கத்த மாட்டார். அதை மெல்ல மிதிப்பார், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் பழக வரவேண்டியவர் வரவில்லை. அடுத்தவரும் வரவில்லை. பயிற்சிப் பள்ளி முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை நீட்டினார். ஆபாச வீடியோ. உடம்பு யாருடையதோ, முகம் இவருடையது. செயற்கை நுண்ணறிவு ஒட்டவைத்த முகம். எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வண்டியைப் பின்னால் எடுப்பது எப்படி என்று பள்ளிக்காக அவர் பேசிய வீடியோ. அதே கம்மல், அதே தலையாட்டல்.

வீடியோ இருந்த இணையதளத்தில் புகார் கொடுத்தார். 'எங்கள் விதிகளை மீறவில்லை' என்று பதில் வந்தது. மறுபடி கொடுத்தார். அட்சரம் பிசகாமல் அதே பதில்.

காவல் நிலையத்தில் அதிகாரி கேட்டார்: "இதுல இருக்கறது நீங்களா?"

"இல்லைங்க. பொய் வீடியோ."

"உங்க உடம்பே இல்லைன்னா உங்களுக்கு என்னம்மா பாதிப்பு?"

"மூஞ்சி என்னோடது சார்! ரோட்டுல என்னைப் பார்க்கறவன் மூஞ்சியைத்தானே பார்க்கறான்?"

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பார்க்கலாம்."

"விட்டுடு, நாலு நாள்ல மறந்துடுவாங்க" என்றார் கணவர். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு வக்கீலம்மாவிடம் போனார். அவர் மட்டும்தான் முழுதாகக் கேட்டார். "உங்க சம்மதம் இல்லாம இப்படிப் போட்டதே தப்பு. நிஜமா, பொய்யாங்கற கேள்வியே வரக்கூடாது. கோர்ட்டுல நீக்கச் சொல்லிக் கேட்போம், ஆனா நாளாகும். சட்டுன்னு எடுக்க இன்னொரு வழி இருக்கு. அவன் திருடின பழைய வீடியோவுக்குக் காப்புரிமை இருக்குல்ல? அதை வெச்சுப் புகார் குடுத்தா உடனே எடுப்பாங்க. அதைப் படம் பிடிச்சது யாரு?"

"என் நாத்தனார்."

"அப்ப உரிமை அவங்களோடது. புகாரும் அவங்கதான் குடுக்கணும்."

பிரேக் அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாத்தனார் புருஷனுக்கு ஜென்மத்தில் கார் ஓட்ட வராது என்று இவர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டதிலிருந்து அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை.

போனார். நாத்தனார் கதவைத் திறந்ததும், "பார்த்தேன் அண்ணி. போன் பண்ண நினைச்சேன், வாய் வரலை" என்றார். விஷயத்தைச் சொன்னதும் போனை எடுத்து அங்கேயே புகாரை அனுப்பினார்.

மறுநாள் வீடியோ போய்விட்டது. 'உங்கள் படைப்பின் உரிமை பாதுகாக்கப்பட்டது' என்று நாத்தனாருக்குச் செய்தி வந்தது.

"படைப்பைக் காப்பாத்திட்டாங்களாம்" என்றார் இவர். "நான் கத்தினப்ப ஒருத்தன் காதுலயும் விழலை!"

அதற்குள் வேறு தளங்களில் நகல்கள் முளைத்திருந்தன. பிறகு நீதிமன்ற உத்தரவும் வந்தது: சம்மதமில்லாத ஆபாசப் படம், செயற்கையானாலும் நீக்கியாக வேண்டும். பெரிய தளங்கள் நீக்கின. ஒரு தளத்துக்கு உத்தரவை அனுப்ப முகவரியே கிடைக்கவில்லை. செய்தவன் யாரென்றும் தெரியவில்லை.

பழக வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். நகல் ஏதாவது தலைகாட்டுகிறதா என்று இப்போது நாத்தனார்தான் தேடிப் பார்க்கிறார்.

"நீங்க பார்க்க வேண்டாம் அண்ணி. நேத்து ஒண்ணு வந்துச்சு, புகார் அனுப்பிட்டேன்."

"எடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லை."