வெளிப்பக்கம் ஆறு மில்லிமீற்றர்

லண்டனில் மிச்சம் என்ற ஊர்ப்பக்கம் யாராவது பழைய கார் வாங்கப் போனால் கிருஷ்ணராசாவையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவர் பொனற்றைத் திறக்கச் சொல்லுவார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து இஞ்சினைப் பார்த்து "ம்..." என்பார். அந்த "ம்"முக்கு இருபது வருடமாக ஒரு மவுசு. கலியாண வீட்டிலும் கார்ப் பேச்சு, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போதும் கார்ப் பேச்சு. என்ன விண்ணாணம் அப்பா அது! மனிசன் தன் ஆயுளில் ஒரு கார்ச் சக்கரத்தை, ஒரு சில்லைக் கூடக் கழற்றியதில்லை. அது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விசயம்.

அவருடைய காரை ஓடுவதென்னவோ மனைவி வசந்தமலர்தான். வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலை அவளுக்கு. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. இரண்டு மாதமாக, பிரேக்கை மிதித்தால் முன் சில்லுக்குள் கிறீச்சென்று ஒரு சத்தம்.

"கராஜிலை ஒருக்காக் காட்டுவமே?" என்று கேட்டாள்.

"நானே கராஜிலை போய் நிண்டா சனம் என்ன கதைக்கும்? அது நாவூறப்பா. கலியாண வீட்டிலை எத்தினை பேர் காரைச் சுத்திச் சுத்திப் பாத்தவை."

உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துக் காரைச் சுற்றிக் காட்டி அடுப்பில் போட்டார். வீட்டுப் புகை அலாரம் அலறியதுதான் மிச்சம். நாலு சில்லுக்கும் எலுமிச்சங்காய் வைத்து ஏற்றினார். கார் நாலையும் நசித்துவிட்டு, தெரு முனையில் வழக்கம்போலக் கிறீச்சிட்டது.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்து வாசலில் வசந்தமலர் பிரேக்கை மிதிக்க, கார் நிற்க நேரமெடுத்தது. ரோட்டைக் கடக்கிற கடவையில் பிள்ளைத் தள்ளுவண்டியோடு ஒரு தாய். இடையில் ஒரு முழம்தான். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். கிருஷ்ணராசாவும் பயந்துதான் போனார். ஆனால் வாய் சும்மா கிடக்குமா?

அடுத்த நாள் காலமை போனைச் சில்லின் கம்பிகளுக்கு நடுவே நீட்டி, உள்ளே தட்டை அழுத்திக் காரை நிறுத்துகிற பிரேக் பாட்டை ஒரு படம் எடுத்தார். ஊர்ச் சங்கத்து வட்ஸ்அப் குழுவில் போட்டார்: "பிரேக் பாட் தேயாமல் இன்னும் ஆறு மில்லிமீற்றர் தடிப்பு நிக்குது. பயமில்லை." ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் முப்பத்தொரு கட்டைவிரல் வந்து விழுந்தது. அந்தக் காரை அவர்களில் ஒருவரும் கண்ணாலும் கண்டதில்லை.

"பாத்தீரோ? உலகமே சொல்லுது."

"உலகம் நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு இந்தக் காரை ஓடுமோ?" என்றாள் வசந்தமலர். "சில்லைக் கழட்டுங்கோ."

அவருக்கு முகம் வெளிறியது. காரைத் தூக்குகிற ஜக்கை எடுத்துக்கொண்டு நேரே கார் நின்ற சரிவான ரோட்டுக்கு நடந்தார். பின் சில்லுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். மிச்சமிருந்த எலுமிச்சங்காய் இரண்டை எடுத்து வைத்தார்.

"எலுமிச்சங்காய் காரை நிப்பாட்டாது," என்று சொல்லி அவள் சாவியை வாங்கினாள்.

கவுன்சில் மண்டபத்தில் நாலு சனிக்கிழமை பெண்களுக்கென்று ஒரு கார் வகுப்பு நடந்தது. அவள் அதற்குத்தான் போய் வந்திருக்கிறாள். மனிசன் கேக் வகுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அவர் கேட்கவில்லை.

காரை வாசலில் சமதரையில் விட்டாள். கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பின் சில்லுகளுக்கு மரக்கட்டை வைத்தாள். சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கினாள். ஜக்கால் தூக்கியதும் இரும்புத் தாங்கி ஒன்றை உள்ளே வைத்து, காரை அதன்மேல் இறக்கினாள். கிருஷ்ணராசா கீழே தலையை நீட்டினார்.

"தலையை எடுங்கோ. வேலையிலை ஆளைத் தூக்கிற மெசினையே நாங்கள் முழுசா நம்பிறேல்லை."

சில்லு கழன்று வந்தது. பாட் இரண்டையும் கவ்விப் பிடித்திருந்த இரும்பைக் கழற்றினாள். அது பிரேக் எண்ணெய்க் குழாயில் தொங்கக் கூடாதென்று ஒரு பாவாடை நாடாவால் மேலே கட்டிவிட்டாள். படிந்திருந்த தூசியை ஊதப் போனவரை, "அதை மூச்சிலை எடுக்கப்படாது" என்று தடுத்து ஈரத்துணியால் துடைத்தாள். "பிரேக்கிலை ஒருதரும் கால் வைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."

முதலில் வெளிப்பக்கத்துப் பாட் வந்தது. நல்ல தடிப்பு. கிருஷ்ணராசாவுக்கு உயிர் திரும்பியது.

"சொன்னனான்தானே, ஆறு மில்லிமீற்றர் எண்டு. நான் சும்மா சொல்லிறேல்லை."

அவள் உள்பக்கத்துப் பாட்டை இழுத்தெடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அதில் பாட் என்று சொல்ல ஒன்றுமில்லை, வெறும் இரும்புத் தகடு. கவ்வி இரும்பு நகர்கிற ஊசி கறளும் துருவும் பிடித்து இறுகிப்போனதால் அந்தப் பக்கம் மட்டும் இரண்டு மாதமாகத் தேய்ந்திருக்கிறது. சில்லுக்குள் இருந்த தட்டிலும் நகம் நுழைகிற அளவுக்குக் கோடு.

"இதை நம்பித்தான் நான் நேற்று பள்ளிக்கூட வாசலிலை காரை நிப்பாட்டினனான்," என்றாள். குரல் உயரவில்லை. "ரெண்டு பக்கமும் புதுசு போடுமட்டும் கார் அசையாது. நாளைக்கு நான் பஸ்ஸிலை போறன்."

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. தூட்டிங்கில் இருக்கிற நிர்மலன், அதே வட்ஸ்அப் குழுவில் ஒருவன். பழைய கார் ஒன்று வாங்க நிற்கிறான்.

"அண்ணை, படம் பாத்தனான். பிரேக் பாக்கிறதெண்டா உப்பிடி வெளியாலை பாத்தாப் போதும்தானே? இவவும் பிள்ளையளும் ஓடுற கார்."

"தம்பி, நான் எப்பவும் சொல்லிறது என்னெண்டா..."

கையில் அந்த இரும்புத் தகடு கனத்தது. இருபது வருடத்தில் முதல் தடவையாக "ம்" கூட வரவில்லை.

"ஒரு நிமிசம். இவ சொல்லுவா," என்று போனை வசந்தமலரிடம் கொடுத்தார்.

அவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"ஓம் தம்பி. அந்தப் படத்தை நம்பாதேங்கோ. சில்லைக் கழட்டி உள்பக்கம் பாக்க வேணும். வாங்கோ, நான் காட்டித் தாறன்."

கிருஷ்ணராசா பாட்டைக் கீழே வைக்காமல் மறு கையால் தன் போனைக் கேட்டு வாங்கினார். உள்பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். கீழே "நான் பார்க்கவில்லை. மலர்தான் பார்த்தா" என்று எழுதினார். அன்று பின்னேரம் வரைக்கும் அதற்கு ஒரு கட்டைவிரலும் வரவில்லை.