பஸ் வராத தெருக்கள்

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவர்களுக்கு ஊசி குத்துவது சுலபம். எடுத்த ரத்தத்தைப் பத்திரமாக லேபில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கஷ்டம். தொண்ணூறுகளில் தி.நகர் லேப் ஒன்றில் எனக்கு அந்த வேலை. மயிலாப்பூர், அடையாறு வீடுகள் என் பொறுப்பு. வண்டி, வேகம் முப்பதைத் தாண்டாத ஒரு மொபெட். பின்னால் பஸ் ஹாரன் அடித்தாலே முதுகு கூசிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான்.

பாலத்தின் மேல்

சேர்ந்த முதல் வாரம். அடையாறு பாலத்தில் போய்க்கொண்டிருந்தேன். காலிடையில் ஐஸ் பெட்டி, அதில் ஆறு பேருடைய ரத்தம். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. ஒதுங்கினேன். மறுபடி அடித்தது. ஒதுங்க இடமில்லை. பஸ் உரசுகிற மாதிரி தாண்டியது. என் இடது கால் நடைபாதைக் கல்லில் தேய்ந்துகொண்டே போனது. பிரேக் பிடித்தால் சக்கரத்துக்கு அடியில் சாய்ந்துவிடுவேனோ என்று ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தேன். பஸ் போன பிறகுதான் மூச்சே வந்தது. ஓரமாக நிறுத்திப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு குழாயும் உடையவில்லை. பின்னால் வந்து நின்ற ஆட்டோ டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்:

"இன்னாம்மா நீ, உன் கால்ல ரத்தம் ஊத்திக்கினு கீது, நீ பொட்டியப் பாத்துக்கினு கீறியே!"

அண்ணா சாலைக்கு நடுவே

அந்தப் பாலமே வேண்டாமென்று மறுநாள் கோட்டூர்புரம் சுற்றி நந்தனம் போனேன். பஸ் குறைவு, நிம்மதி. ஆனால் தி.நகர் போக அண்ணா சாலையைக் கடந்துதானே ஆக வேண்டும்? பச்சை விழுந்ததும் எல்லோரும் பறந்துவிட்டார்கள். நான் பாதி தூரம் போனபோது வண்டி நின்றுவிட்டது. பெடலை மிதித்தேன், இருமியது, கிளம்பவில்லை. அதற்குள் சிக்னல் மாறிவிட்டது. லாரியும் பஸ்ஸும் உறுமின. இறங்கித் தள்ளக்கூடத் தோன்றாமல் பெடலையே மிதித்துக்கொண்டிருந்தேன். டிராபிக் கான்ஸ்டபிள் ஒருவர் இரண்டு கையையும் விரித்தபடி ஓடி வந்து குறுக்கே நின்றார். கேரியரைப் பிடித்து எதிர்ப்பக்கம்வரை தள்ளிவிட்டு, மூச்சு வாங்கியபடி சொன்னார்:

"உங்க வண்டி தாண்டணும்னா நாங்க பச்சையை ரெண்டு தரம் போடணும் போலிருக்கே!"

மழைநாள் கல்யாணம்

மந்தைவெளியில் ரிடையரான கணக்கு வாத்தியார் ஒருவர். சிறுநீரகக் கோளாறு. பன்னிரண்டு மணிக்குள் ரிசல்ட் வந்தால்தான் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா என்று முடிவு செய்ய முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் ரத்தத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நல்ல மழை. மெயின் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஆழ்வார்ப்பேட்டைச் சந்துகளில் நுழைந்து நுழைந்து போனேன். மேடாக இருந்த ஒரே சந்தில் குறுக்கே கல்யாணப் பந்தல்! திரும்பினால் தண்ணீர். மணி பதினொன்று. அழுகை வந்துவிட்டது. பந்தலில் இருந்தவர்களிடம் பெட்டியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கல்யாணப் பெண்ணின் அப்பா உடனே நாற்காலிகளை நகர்த்தச் சொன்னார். பட்டுவேட்டிக்காரர்கள் நான்கு பேர் மொபெட்டைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள்.

ரிசல்ட் நேரத்துக்குப் போய்விட்டது. அன்றே வாத்தியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்து வீடு திரும்பினார். அடுத்த தடவை ரத்தம் எடுக்கப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்:

"அன்னிக்கு நீ தெருமுனை திரும்பறவரைக்கும் வாசல்ல நின்னு பார்த்துண்டே இருந்தேன்டி கொழந்தே, அதுக்கே எத்தனை நாழி ஆச்சு தெரியுமோ!"

ஏழு வருஷம் ஓட்டியதில் அந்தப் பக்கம் எனக்குத் தெரியாத சந்து கிடையாது. நேர்வழி எதுவென்று கேட்டால்தான் இன்றைக்கும் விழிப்பேன்.