மூன்றாம் தொட்டியில் திமிங்கலம்

1. சுறாவுக்குப் பதில்

ஆம்பூரில் கடல் இல்லை. பாலாறு இருக்கிறது; அதில் தண்ணீர் ஓடும் மாதங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஊரில், தோல் பதனிடுகிற ஒரு டேனரியின் மூன்றாம் நம்பர் சுண்ணாம்புத் தொட்டியில் ஒரு திமிங்கலம் இறங்கியது. முழுசாக இல்லை, முதுகுப் பக்கம் மட்டும். அந்த டேனரியில் நான் அப்போது இரண்டாம் ரைட்டர், கணக்கும் கடிதமும் எழுதுகிற குமாஸ்தா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம். இப்போது தோல் வேலைக்கு வருகிற பிள்ளைகள் கோட்டும் டிப்ளமோவுமாக வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் கோபித்துக்கொண்டால் ரொம்ப சந்தோஷம்.

எங்கள் முதலாளி பஷீர் சாயபு நல்ல மனிதர். ஆட்டுத்தோலைத் தொட்டுப் பார்த்தே அது எந்தச் சந்தையில் வாங்கியது என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஒரே ஒரு வியாதி, சம்பந்தி. மகளை வாணியம்பாடியில் கொடுத்திருந்தார். அந்தச் சம்பந்திக்கும் டேனரி உண்டு. சம்பந்தி ஒரு சுறாத் தோலைப் பதம் செய்து லண்டனுக்கு அனுப்ப, அங்கிருந்து பாராட்டி ஒரு கடிதம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஒரு கல்யாண வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்து, பிரியாணிக்கு முன்னால் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். எங்கள் சாயபு அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஆபீசுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அவன் சுறா போட்டான். நான் அதவிட பெருசா போடணும். சமுத்திரத்துல சுறாவவிட பெருசு இன்னா இருக்குது, ரைட்டரே?"

நான் சும்மா இருந்திருக்கலாம். மிஷன் ஸ்கூல் வேதப் பாடத்தில், தீர்க்கதரிசியைத் திமிங்கலம் விழுங்கிய கதைக்கு முதல் பரிசு வாங்கிய வாய் சும்மா இருக்கவில்லை. "திமிங்கலம் இருக்குது, சாயபு" என்று சொல்லிவிட்டேன்.

கிடைக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கெட்ட காலம், இரண்டே மாதத்தில் மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் திமிங்கலம் ஒன்று செத்து ஒதுங்கியது. உப்பு வியாபாரி ஒருவர் மூலமாகச் சேதி வந்தது. சாயபு அன்றைக்கே எங்களை அனுப்பிவிட்டார்.

2. கடற்கரையில் மூன்று நிபுணர்கள்

போனவர்களைச் சொல்லிவிடுகிறேன். தலைமை தாங்கியவர் எக்ஸ்பர்ட் வரதராஜுலு. மெட்ராசில் தோல் படிப்புப் படித்து டிப்ளமோ வாங்கியவர். வெள்ளைக்காரத் துரைமார் மாதிரி சோலார் தொப்பி வைத்திருப்பார், தொட்டிப் பக்கம் நிழலில் நின்றாலும் கழற்ற மாட்டார். இரண்டாவது, சின்னப்பன். சுண்ணாம்பு யார்டு மேஸ்திரி. முப்பது வருஷமாகத் தொட்டியிலேயே நின்று கால் விரல் நகமெல்லாம் வெந்துபோன மனிதர். அவரோடு நான்கு ஆட்கள். மூன்றாவது நான், கடிதம் எழுதுவதற்காக.

எங்கள் ஆட்களுக்கு நாற்றம் ஒரு பொருட்டே இல்லை. வெளியூர்க்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் சிரிப்பவர்கள். அந்தக் கரையில் அந்த நான்கு பேரும் தலைத்துண்டை அவிழ்த்து மூக்கில் கட்டிக்கொண்டார்கள். செத்து எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

சின்னப்பன் எந்தத் தோலைப் பார்த்தாலும் முதலில் உள்ளங்கையால் வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கமாகத் தடவுவார். மயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்க்கத்தான். திமிங்கலத்தையும் தடவினார். தடவிய இடத்தில் கறுப்புத் தோல் நனைந்த காகிதம் மாதிரி கையோடு வந்துவிட்டது. அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு முழக் கனத்துக்கு ஏதோ இருந்தது. அழுத்தினால் எண்ணெய் கசிந்தது.

குப்பத்துத் தலைவரான நாட்டார் அங்கேயே உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "தோலு அந்தக் கறுப்பு மட்டுந்தாங்க. அது போச்சு. இது கொழுப்பு. காய்ச்சி எண்ணெ எடுத்தா படகுக்குப் பூசலாம்" என்றார்.

எக்ஸ்பர்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "உனக்கு மீனைப் பத்தித் தெரியும். தோலைப் பத்தி எங்களுக்குத் தெரியும். கறுப்பு வெறும் அழுக்கு. இந்த வெள்ளைதான் ஹைடு, நிஜத் தோல். ஒரு முழக் கனம். இதுல ஷூ சோல் போட்டா தாத்தா போட்ட ஷூவைப் பேரன் போடலாம்."

சின்னப்பன் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

வெட்டி, உப்புப் போட்டு, கோணியில் சுற்றி, நான்கு வண்டியில் திண்டிவனம் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தோம். பார்சல் குமாஸ்தா, "இது இன்னாது?" என்று கேட்டார். "தோல்" என்றார் எக்ஸ்பர்ட். குமாஸ்தா ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, ரசீதில் கருவாடு என்று எழுதினார். குப்பத்து நாட்டாருக்கு அப்புறம் அந்தப் பயணத்தில் உண்மைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வந்தவர் அவர் ஒருவர்தான்.

3. வெட்டுக்குறி

எங்கள் யார்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுண்ணாம்பில் இறக்குமுன் ஒவ்வொரு தோலிலும் வால் ஓரத்தில் மேஸ்திரி தன் கத்தியால் வெட்டுக்குறி போடவேண்டும். ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஒரு குறி. சின்னப்பனுடையது மூன்று நேர் வெட்டு, கீழே ஒரு சாய்வு வெட்டு. குறி இல்லாத தோல் தொட்டியில் இறங்காது. பின்னால் அந்தத் தோல் கெட்டுப்போனால் குறிக்காரன்தான் பதில் சொல்லவேண்டும்.

திமிங்கலம் வந்து சேர்ந்த அன்று யார்டே கூடி நின்றது. எக்ஸ்பர்ட், "மூணாம் தொட்டியில இறக்கு" என்றார்.

சின்னப்பன் நகரவில்லை. "சார், சுண்ணாம்புல ஏன் போடறோம்? மயிரு கழலணும்னு. இதுல மயிரே இல்லியே. அப்புறம் எதுக்கு சுண்ணாம்பு?"

யாருக்கும் அதுவரை தோன்றாத கேள்வி. எக்ஸ்பர்ட்டுக்கும் தோன்றவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எங்கள் டேனரியில் எது வந்தாலும் முதலில் சுண்ணாம்புதான். ஆடு வந்தால் சுண்ணாம்பு, மாடு வந்தால் சுண்ணாம்பு. சாயபுவே தவறி விழுந்திருந்தாலும் எட்டு நாள் ஊறவைத்துவிட்டுத்தான் எடுத்திருப்போம்.

"முதல்ல சுண்ணாம்பு. அப்புறம்தான் பதம் பண்ற ஆவாரம்பட்டை. இதுகூடத் தெரியாம நீ மேஸ்திரியா?"

"இது தோலே இல்ல சார். நான் குறி போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டுச் சின்னப்பன் சாப்பிடப் போய்விட்டார்.

இனி வருவது என் பங்கு. எக்ஸ்பர்ட் என்னைத் தனியாக அழைத்தார். "குறி இல்லாம இறக்கினா சாயபு கேப்பார். அவன் குறி உங்களுக்குத் தெரியும் இல்ல? போட்டுடுங்க ரைட்டர். ஹெட் ரைட்டர் எடம் காலியாகுது. உங்க பேரத்தான் சொல்லப்போறேன்."

கட்டாயப்படுத்தினார், பயந்துபோனேன் என்றெல்லாம் எழுதலாம். அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. பலகைமேல் இருந்த சின்னப்பனுடைய கத்தியை எடுத்தேன். திமிங்கலத்துக்கு வால் ஓரம் எது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு மூலையில் மூன்று நேர் வெட்டு, ஒரு சாய்வு வெட்டு போட்டேன். நன்றாகவே வந்தது. எனக்குக் கையெழுத்து எப்போதும் அழகு.

4. சோப்பு

நாலாம் நாள் தொட்டியில் நுரை கட்டியது. எக்ஸ்பர்ட் அதைப் பார்த்து, "ரியாக்‌ஷன் நல்லா இருக்கு" என்றார். ஆறாம் நாள் தயிர் திரிந்த மாதிரி வெள்ளைக் கட்டிகள் மிதந்தன. அதற்கும் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

வேலையின் ஒரு விஷயத்தை இங்கே சொல்லவேண்டும். ஒரு தொட்டியில் ஊறிய பழைய சுண்ணாம்புத் தண்ணீரை நாங்கள் கொட்டுவதில்லை. அடுத்த தொட்டிக்கு மாற்றுவோம். புதுத்தோலுக்குப் பழைய தண்ணீர்தான் முதலில் நல்லது. அந்த வழக்கப்படி மூன்றாம் தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதி, ஆட்டுத்தோல் கிடந்த நாலுக்கும் ஐந்துக்கும் போனது. மாற்ற வேண்டாம் என்று சின்னப்பன் தடுத்தார். எக்ஸ்பர்ட் கேட்கவில்லை.

பத்தாம் நாள் சாயபு வந்தார். கூடவே வாணியம்பாடிச் சம்பந்தியையும் அழைத்துவந்திருந்தார், காட்டுவதற்காக. இரண்டு ஆட்கள் கொக்கி போட்டு இழுத்தார்கள். கொக்கிதான் வந்தது. அதன் நுனியில் ஒரு வெள்ளைக் கட்டி. சுண்ணாம்பும் கொழுப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்த வண்ணானைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். நாங்கள் டிப்ளமோவைக் கேட்டோம்.

சம்பந்தி கட்டியை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "மாஷா அல்லாஹ். நல்ல சோப்பு. வாசனைதான் கொஞ்சம் கம்மி பண்ணணும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அதோடு போயிருந்தால் வெறும் சிரிப்பாக முடிந்திருக்கும். அடுத்து நாலாம், ஐந்தாம் தொட்டிகளைத் திறந்தார்கள். லண்டனுக்குப் போகவேண்டிய ஆட்டுத்தோல் அத்தனையிலும் பிசின் மாதிரி கொழுப்பு ஏறியிருந்தது. கழுவினால் போகாது, பட்டையும் உள்ளே இறங்காது.

சாயபு யார்டு நடுவில் நின்று, "மூணாம் தொட்டி யாரு குறி?" என்று கேட்டார்.

எக்ஸ்பர்ட் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "சின்னப்பன் குறி, சாயபு. சுண்ணாம்பு ஜாஸ்தி போட்டுட்டான். நான் அப்பவே சொன்னேன்."

"நான் குறி போடல" என்றார் சின்னப்பன்.

அடியில் கரையாமல் கிடந்த துண்டுகளை வாரி வெளியே போட்டார்கள். ஒரு துண்டில் என் அழகான கையெழுத்து அப்படியே இருந்தது. சின்னப்பன் குனிந்து அந்த வெட்டுகளைக் கட்டைவிரலால் தடவினார். முதுகு நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று.

"என் குறிதான், சாயபு. ஆனா நான் போடல."

"உன் குறி, நீ போடலியா? பின்ன அந்தத் திமிங்கலமே போட்டுக்கிச்சா? சாயங்காலத்துக்குள்ள லைன் வீட்டைக் காலி பண்ணு."

சின்னப்பன் யாரையும் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தி, தப்பித்திருப்பேன்.

5. வராத திமிங்கலம்

ஆட்களுக்குக் கொடுத்த லைன் வீடுகள் டேனரிக்குப் பின்னாலேயே இருந்தன. பட்டைக் கிடங்குக்குப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன். பானைகள் வாசலில் வந்துவிட்டன. சின்னப்பன் மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு வந்திருந்த மகள், நிறை வயிறோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "உக்காருங்க ரைட்டரே, அப்பா வண்டி பாக்கப் போயிருக்கார்" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை தேடவேண்டியதில்லை, வெட்கம்தான்.

நேரே ஆபீசுக்குப் போய்ச் சாயபுவிடம் சொல்லிவிட்டேன். குறி போட்டது நான், கத்தி சின்னப்பனுடையது, போடச் சொன்னது எக்ஸ்பர்ட் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

சாயபு கணக்குப் புத்தகத்தை மூடினார். பிறகு பெருமூச்சு விட்டார். "இன்னா மனுசன்யா நீ. நீ பேசாம இருந்தா ஒருத்தன அனுப்பினா போதும். இப்ப உன்ன அனுப்பணும், எக்ஸ்பர்ட்ட அனுப்பணும். அவன வெச்சது யாரு? நான். திமிங்கலம் வேணும்னது யாரு? அதுவும் நான். பெரிய பேஜாரு."

அப்புறம் எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார்.

"நம்ம டேனரிக்குத் திமிங்கலமே வரல. புரிஞ்சுதா? வராத திமிங்கலத்துக்கு யாரு குறி போடறது? சின்னப்பனப் பானையெல்லாம் உள்ள வெக்கச் சொல்லு."

அப்படி ஒரே வார்த்தையில் எல்லாரும் நிரபராதி ஆகிவிட்டோம். மூன்று நாள் தொட்டி கழுவியவர்கள் மட்டும் எதைக் கழுவினோம் என்று கேட்கக்கூடாது என்று உத்தரவு. எக்ஸ்பர்ட்டை எங்கள் சாயபு வெளியே தள்ளவில்லை. அபாரமான ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்துச் சம்பந்தியின் டேனரிக்கு அனுப்பிவைத்தார். கடிதத்தை எழுதியது நான்தான். அதன் பிறகு வாணியம்பாடியில் சுறாத் தோல் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். சாயபுவுக்கு அந்த வருஷம் பசி நன்றாக எடுத்தது.

எனக்கு ஹெட் ரைட்டர் நாற்காலியும் கிடைத்தது. உண்மையைச் சொன்னதற்குப் பரிசு என்று நினைக்காதீர்கள். என்னை வெளியே அனுப்பினால் நான் வாயைத் திறந்துவிடுவேன் என்று சாயபுவுக்குப் பயம்.

6. பாடம்

இந்த மாதிரிக் குறிப்பு எழுதினால் கடைசியில் பாடம் சொல்லவேண்டுமாம். சொல்கிறேன். மயிர் இல்லாததுக்கு எதுக்கு சுண்ணாம்பு என்று தொட்டியில் நிற்கிறவன் கேட்டால், கரையில் நிற்கிறவன் பதில் சொல்லவேண்டும். பதில் தெரியாவிட்டால் தொப்பியையாவது கழற்றவேண்டும். இது டிப்ளமோக்காரப் பிள்ளைகளுக்கு.

எனக்குக் கிடைத்த பாடம் வேறு. குறி போட்டது யார் என்று தெரிந்த பிறகும் சின்னப்பன் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். மகளுக்கு ஆண் குழந்தை பிறந்ததும் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் நான் யார்டுக்குள் காலை வைத்தால் போதும், "ரைட்டரு வர்றாரு, கத்திய எடுத்து வை" என்று ஆட்களுக்குக் குரல் கொடுப்பார். கோபமாக இல்லை, மழை வருது துணியை எடு என்று சொல்வார்களே, அந்தக் குரலில். அவர் வேலையில் இருந்தவரை ஒரு நாள்கூட அது தப்பவில்லை.

அவர் ஓய்வு பெற்ற நாளில் டேனரி சார்பில் மாலையோடு போனேன். யார்டே கூடியிருந்தது. சின்னப்பன் தன் கத்தியைப் புது மேஸ்திரி கையில் கொடுத்து, அவனுக்கென்று ஒரு குறி யோசித்து வைத்திருப்பதாகவும் அதைப் போட்டுக் காட்டப்போவதாகவும் சொன்னார். ஒரு ஆட்டுத்தோலை, தோல் சுரண்டுகிற சாய்வு மரத்தின் மேல் விரித்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுநாள் தொட்டியில் இறங்குகிற தோல்களைப் பார்த்தால் அந்தக் குறி எப்படியும் எனக்குத் தெரியத்தான் போகிறது. அது அவருக்கும் தெரியும்.

"மாலைக்கு ரொம்ப சந்தோஷம், ரைட்டரே" என்றார். "கொஞ்சம் அந்தாண்ட திரும்பி நில்லுங்க."

மாலையும் கையுமாகத் திரும்பி நின்றேன்.