முதுகுப் பக்கத்துப் பாவு

என் தம்பி இந்தியாவுக்கு ஆடியவன். எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் தனி மரியாதை கிடையாது. மட்டைக்காரர் வந்துவிட்டார், சோற்றைப் போடுங்கள் என்று நான் கிண்டல் செய்வதோடு சரி.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். ஓர் ஓரம் முழுக்கப் பாவு, எதிர் ஓரம் சத்திரத்து மதில். நடுவில் மிச்சமிருந்த சந்தில்தான் இவன் கிரிக்கெட் ஆடினான். மட்டை பிடித்து நின்றால் மதில் முகத்துக்கு நேரே இருக்கும், பாவு முதுகுக்குப் பின்னால். மதில் பக்கம் எவ்வளவு அடித்தாலும் கேட்பாரில்லை. பாவில் பந்து பட்டு இழை அறுந்தால் தெருவே திரண்டு வந்துவிடும். அங்கே கஞ்சி தடவுகிறவர்களில் எங்கள் அம்மாவும் ஒருத்தி. அந்தாண்ட அடித்தால் கையை ஒடித்துவிடுவேன் என்பாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். காலுக்கு வரும் பந்தையெல்லாம் அவன் தட்டி, காலடியிலேயே நிறுத்திவிடுவான்.

மதில் பக்கத்து அடியைப் பார்த்துத்தான் அவனை மாநில அணியில் எடுத்தார்கள், பிறகு இந்திய அணியில். முதல் வருஷம் கண் பட்டுவிடும் போல ஆடினான். அதற்குள் பந்து போடுகிற பாவிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் எல்லாப் பந்தும் காலுக்கே வந்தது. பயிற்சியில் அழகாக அடிப்பான், மேட்சில் கை நின்றுவிடும். அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அவனுக்கு அந்தப் பக்கம் அடிக்கவே வராது என்று டிவியில் யாரோ சொன்னதை அம்மா கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. சொன்னவன் வாயில் மண்ணைப் போட வேண்டும் போலிருந்தது எனக்கு.

பிறகு யாருக்கோ அடிபட்டது என்று ஆஸ்திரேலியாவில் ஒரே ஒரு மேட்சுக்கு இவனைக் கூப்பிட்டார்கள். இதிலும் தட்டிக்கொண்டு நின்றால் அவ்வளவுதான் என்று எங்களுக்குத் தெரியும். அவன் கிளம்புகிற அன்று காலை, அம்மா தெருக்காரர்களிடம் கெஞ்சி, பாவு நீட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட வைத்தாள். வெறும் தெருவில் அவனை நிற்கவைத்து, ரப்பர் பந்தை அவன் காலுக்கு உருட்டிவிட்டாள். தட்டினான். மறுபடி உருட்டினாள். மறுபடியும் தட்டினான்.

"நாந்தாம்பா வேணாம்னேன். இப்போ நானே சொல்றேன், அடிபா," என்றாள்.

அவன் அடிக்கவில்லை. மட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அந்த முரட்டுக் கழுதை அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் அடக்க முடியவில்லை.

மேட்ச் அன்று அவன் ஆட வந்தபோது எங்களுக்குக் காலை. பாதித் தெரு எங்கள் டிவி முன்னால் இருந்தது, வெளியே பாவு காய்ந்துகொண்டிருந்தது. வந்ததும் வராததுமாக அவன் காலுக்கு ஒரு பந்து. சட்டென்று திரும்பி ஓங்கி அடித்தான். முதுகுப் பக்கமாகப் பறந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது பந்து. எல்லோரும் கத்தினோம். அம்மா மட்டும் பதறியடித்து எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

நானும் பின்னாலேயே போனேன். பாவின் மேல் குனிந்து இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தாள். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. அதற்கப்புறம்தான் சிரித்தாள்.